கற்றாழை நாரும் எதிர் முறுக்கும்

எல்லவிலிருந்து பண்டாரவளைப் பக்கம் வரும் வீதியோரம் கைவினைக் கடைகள் பெருகிவிட்டன. பூச்சட்டி தொங்கவிடும் உறி, தோள்பை, சுவரில் மாட்டும் முடிச்சுவலை, சாவிக்கொத்து என்று பாதிச் சாமான் கயிற்றால் ஆனது. செய்கிறவர்களில் நம் தேயிலைத் தோட்டத்துப் பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள். கைவேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. முடிச்சுகள் ஒன்றுக்கொன்று பிசகாமல் விழுந்திருக்கும். கயிறு எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டால் மட்டும் கொழும்பு, புறக்கோட்டை என்பார்கள். இந்தியாவிலிருந்தோ பங்களாதேஷிலிருந்தோ வந்த சணல் உருண்டை, வெள்ளைப் பருத்தி நூல், கொஞ்சம் நைலோன். கடைக்குப் பின்னால் உள்ள மேட்டிலோ வெட்டுவார் இல்லாமல் ஆள் உயரத்துக்குக் கற்றாழை நிற்கிறது.

இது எனக்கு மனதை உறுத்துகிறது. முடிச்சுப் போடக் கற்றுக்கொடுக்கிறோம், பின்னக் கற்றுக்கொடுக்கிறோம். கயிறு திரிக்க யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு பயிற்சிப் பட்டறையில் எல்லோருக்கும் பசைத் துப்பாக்கியும் செயற்கை நூல் உருண்டையும் கொடுத்து, "இயற்கைக் கைவினை" என்று சான்றிதழும் கொடுத்து அனுப்பினார்கள். அந்த உருண்டை முடிந்ததும் அதிகம் பேருக்குத் தொழிலும் முடிந்தது. கயிற்றையே தன் கையால் செய்யத் தெரிந்தவளுக்கு அந்த நிலை வராது. அந்த வேலையை எனக்குத் தெரிந்த அளவில் முழுதாக எழுதிவைக்கிறேன்.

முதலில் செடி. கற்றாழை என்று ஒரே பேரில் நாம் கூப்பிடுவது பல செடிகளை. மருந்துக்கும் தலைக்கும் எடுக்கிற சோற்றுக் கற்றாழையில் கயிற்றுக்கு ஆகிற நார் கிடையாது, அதைத் தொடவேண்டாம். சாம்பல் நீலமாக, விளிம்பெல்லாம் கொக்கி முள்ளோடு நுனியில் ஊசியோடு நிற்பது ஆனைக் கற்றாழை. அதில் நார் உண்டு, ஆனால் முரடு. மடலைச் சுமந்து வருவதற்குள் கையும் காலும் கிழியும். நமக்கு வேண்டியது மூன்றாவது: பளிச்சென்ற பச்சையில், ஒன்றரை இரண்டு மீற்றர் நீளமான, விளிம்பில் முள் அநேகமாக இல்லாத மடல். கசக்கினால் ஒரு காரமான நாற்றம் அடிக்கும். சிங்களத்தில் இதை ஹண என்கிறார்கள். மொரீஷியஸ் தீவில் நாருக்காகவே பெருந்தோட்டமாகப் பயிரிட்டதால் உலகச் சந்தையில் இந்த நாருக்கு மொரீஷியஸ் சணல் என்று பேர். இதுவும் ஆனைக் கற்றாழையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. வேலிக்கும் மண்ணரிப்பைத் தடுக்கவும் வைத்தார்கள். பிறகு அதுவாகவே பரவிக்கொண்டது.

நான்காவது ஒன்று இருக்கிறது, அது இந்த மண்ணுக்கே உரியது. மருள். லயத்து வாசலில், அதாவது தோட்டத்து வரிசைவீட்டு வாசலில், பழைய பால்மா டின்னில் வைத்திருப்போமே, பச்சையில் பட்டைபட்டையாகப் பாம்புத்தோல் கோலம் போட்ட இலை, அந்தக் குடும்பம். இலங்கையில் காடாக வளரும் வகைக்கு விஞ்ஞானப் பெயரிலேயே சிலோன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிங்களத்தில் நியந்த. ஹண மடலைவிட நீளம் குறைவு, ஆனால் நார் மெல்லியது, மினுமினுப்பானது, இழுத்தால் அறுக்காது. தமிழில் இதன் பழைய பேர் மரல். பெரும்பாணாற்றுப்படையில் மாடு மேய்க்கும் இடையன் ஒருவன் குமிழ மரத்தின் உள்துளையுள்ள கொம்பை வளைத்து, மரல் நாரைத் திரித்து நரம்பாகக் கட்டி வில்யாழ் வாசிக்கிறான். கயிறு திரிப்பது மாடு கட்ட மட்டும் ஆன வேலை என்று நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். சுருதி சேரும் அளவுக்குச் சீராகத் திரித்திருக்கிறார்கள், அதுவும் மேய்ச்சல் நிலத்தில் உட்கார்ந்துகொண்டு.

வாழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாழைக்குத் தண்டு என்று நாம் பார்ப்பது ஒன்றன்மேல் ஒன்று சுற்றிய இலையடிகள்தான். ஆகவே பூக் கட்டுகிற வாழைநாரும் இலைநார்தான். அதைத் திரிக்கக்கூட வேண்டாம். காய்ந்த பட்டையைக் கிழித்துத் தண்ணீரில் நனைத்தால் போதும். கோயில் மாலைக்கு அதைவிட நல்லது இல்லை. கித்துள் மரத்திலும் மட்டை அடியில் குதிரைமயிர் மாதிரி கறுத்த நார் வரும். தும்புத்தடிக்கும் தூரிகைக்கும் அதுதான். முற்காலத்தில் யானை கட்டும் வடமே அதில் திரித்தார்கள். ஆனால் கித்துளை ஏறி எடுப்பது தனித் தொழில். பாணி இறக்குகிறவர்களின் மரத்தில் நாம் கைவைக்கக் கூடாது.

எங்கள் லயத்தில் கயிறு என்றால் தொங்கல் காம்பராத் தாத்தாதான், வரிசையின் கடைசி வீட்டுக்காரர். இரண்டு மாடு வைத்திருந்தார். மாட்டுக்குத் தும்பு, விறகுக் கட்டுக்குக் கயிறு, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டும் கயிறு, மழைப் படங்கை இடுப்பில் இறுக்கும் கயிறு, அடுப்புக்கு மேலே பூனைக்கு எட்டாமல் தயிர்ச்சட்டி தொங்கும் உறி, எல்லாம் அவர் கையில் இருந்து வந்ததுதான். அவசரத்துக்கு மானாப்புல்லையே முறுக்கி விறகுக் கட்டைக் கட்டிவிடுவார். அது வீடு வந்து சேரும்வரைக்கும் தாங்கினால் போதும். கூடைக்கயிற்றுக்கு மட்டும் கற்றாழை நாரை நன்றாக அடித்து, இளக்கி, தலையில் படுகிற இடத்தை அகலமாகப் பின்னுவார். மூக்கணாங்கயிற்றுக்கு அந்த நாரைத் தொடவே மாட்டார். "அது வாயில்லாச் சீவன், மூக்கு புண்ணாப் போயிரும்" என்பார். எந்த நார் எங்கே ஆகும், எங்கே ஆகாது என்று தெரிந்திருப்பதுதான் இந்தத் தொழிலில் பாதி அறிவு. அவரை யாரும் கைவினைஞர் என்று அழைத்ததில்லை. உரச்சாக்கைப் பிரித்தெடுத்த பிளாஸ்டிக் நூலும் நைலோன் கயிறும் மலிந்த பிறகு அவரிடம் கயிறு கேட்டு வருகிறவர்களும் நின்றுபோனார்கள்.

இனி வேலை.

காலம் பார்த்து வெட்டவேண்டும். மழைக்காலத்தில் வெட்டிய நார் காயாது, மங்கிப் போகும். ஊவாப் பக்கத்து ஆட்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை இருக்கிறது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா பக்கத்தில் தென்மேல் பருவமழை கொட்டித் தீர்த்துவிடுகிறது. முகட்டைத் தாண்டி வெலிமடை, பண்டாரவளை, பதுளைக்கு இறங்குகிற காற்றில் ஈரமே இருக்காது. கச்சான் காற்று என்று முகத்தில் புழுதி அடிக்கத் திட்டிக்கொண்டே நடக்கிறோமே, அதே காற்றுதான் ஜூலை, ஆகஸ்ட் ஊவாத் தேயிலைக்கு அந்த வாசத்தைக் கொடுக்கிறது. நார் காய்வதற்கும் அதைவிடத் தோதான காற்று இல்லை. மற்றப் பக்கத்தில் இருப்பவர்கள் ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள வெயிலைப் பிடித்துக்கொள்ளலாம்.

அடிவரிசையில் சாய்ந்து படுக்கத் தொடங்கிய முற்றிய மடல்களை மட்டும் வெட்டுங்கள். நடுக்குருத்தும் அதைச் சுற்றியுள்ள நிமிர்ந்த மடல்களும் செடிக்கு வேண்டும். இருந்தால் அடுத்த வருடமும் நமக்கு மடல் தரும். முதலில் நுனி ஊசியை அரிந்துவிட்டுத்தான் மடலில் கைவைக்க வேண்டும். கண்ணில் பட்டால் விளையாட்டில்லை. பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெட்டவே கூடாது.

வெட்டிய மடலை அன்றைக்கே, தப்பினால் மறுநாளே சுரண்டிவிட வேண்டும். வாடிவிட்டால் உள்ளிருக்கிற பசை நாரோடு இறுகிக்கொள்ளும், பிறகு எவ்வளவு அலசினாலும் போகாது. மடலை நீளவாக்கில் மூன்று விரல் அகலத்துக்குக் கிழிக்கிறோம். தடித்த அடிப்பக்கத்தை மரக்கட்டையால் இலேசாகத் தட்டி நசுக்குகிறோம். ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, கிழித்த பட்டையை அதன்மேல் விரித்து, ஒரு முனையைச் சாக்குத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு சுரண்டுகிறோம். கருவி கூராக இருக்கக் கூடாது. தாத்தா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் முதுகால் சுரண்டுவார். சீவிய மூங்கில் பட்டையும் நன்றாக வேலை செய்கிறது.

"ஏன் புள்ள இவ்வளவு பலமா அழுத்துற? சதைய மட்டும் தள்ளு. நாரு தானா வரும்."

"பச்சை போக மாட்டேங்குது தாத்தா."

"போகும் போகும். கத்தியக் கொஞ்சம் சாய்ச்சுப் புடி. சத்தத்தக் கேளு."

சத்தம் என்று அவர் சொன்னது முக்கியமான குறிப்பு. சதை இருக்கும்வரை கத்தி சளக் சளக்கென்று ஈரமாக ஓடும். பச்சைக் கூழ் பலகையின் கீழ் வடிந்து, நார் வெளிப்பட்டதும் சத்தம் மாறி ஒரு வரட்டு உரசல் கேட்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேலும் சுரண்டினால் நார் அறுந்து பஞ்சாகும். பாதி முடிந்ததும் பட்டையைத் திருப்பி, சுத்தமான பாதியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு மறுபாதி. ஒரு முழு மடலுக்குப் பிறகு கையில் நிற்பது ஒரு பிடி நார்தான். நூறு கிலோ பச்சை மடலில் காய்ந்த நார் மூன்று கிலோவைச் சுற்றித்தான் தேறும். இந்தக் கணக்கு தெரியாமல் இறங்குகிறவர்கள் சோர்ந்துபோவார்கள். முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

சாறு தோலில் பட்டால் அரிக்கும். ஊசி ஊசியான பளிங்குத் துகள்கள் அந்தச் சாற்றில் இருக்கின்றன, அவை தோலில் குத்தி ஏறுகின்றன. முழங்கைவரை தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு நீளக்கைச் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். றப்பர் கையுறை இருந்தால் இன்னும் நல்லது. சாறு சவர்க்காரம் மாதிரி நுரைக்கும். அந்த நுரை மீனுக்கு ஆகாது. அதனால் ஓடையிலோ, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலோ அலசக் கூடாது. வாளியில் தண்ணீர் எடுத்து, நுரை நிற்கும்வரை மாற்றி மாற்றி அலசி, அந்தத் தண்ணீரை ஓடைக்கும் பீலிக்கும் எட்டாத தரையில் ஊற்றுங்கள். சில ஊர்களில் மடலைத் தண்ணீரில் ஊறப்போட்டு அழுகவைத்து நார் எடுப்பார்கள். உழைப்பு குறையும் என்பது உண்மைதான். ஆனால் அந்த நாற்றமும் கெட்ட தண்ணீரும் லயத்துக்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய விஷயமில்லை. நாரின் வெள்ளையும் போய்விடும். நான் சுரண்டுவதற்குத்தான் வாக்களிப்பேன்.

அலசியதைக் கொடியில் விரித்து, அவ்வப்போது உதறி, காய்ந்ததும் அகலப் பல் சீப்பால் வாரினால் குட்டை நாரெல்லாம் கழிந்து நீள நார் நிற்கும். கழிந்ததை எறியவேண்டாம். பாத்திரம் தேய்க்க ஆகும், தலையணைக்குள் அடைக்கலாம்.

சாயம் வேண்டுமென்றால் திரிப்பதற்கு முன்பே, நாராக இருக்கும்போதே போட்டுவிடுங்கள். கயிறான பிறகு உள்ளே ஏறாது. மஞ்சள் போட்டால் மஞ்சள், ஆனால் வெயிலில் வெளிறும். பதிமுகக் கட்டையைக் கொதிக்கவைத்தால் சிவப்பு. நம்மிடம் மலிவாகக் கிடைப்பது தேயிலை. சாயம் இறங்கிய தேயிலைத் தூளை நன்றாகக் கொதிக்கவிட்டு அதில் நாரை ஊறவைத்து, பிறகு துருப்பிடித்த ஆணி போட்ட தண்ணீரில் முக்கினால் கரும்சாம்பல் நிறம் பிடிக்கும். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து தரும் நிறம் அது. தேயிலையில் தோய்ந்த இந்த நிறம்தான் எங்கள் கைவேலைக்கு அடையாளமாக வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை உண்டு.

திரிப்பதைப் பற்றித்தான் நான் நிறையச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நாரைவிட முறுக்கில்தான் கயிறு இருக்கிறது. நல்ல நாரைத் தவறாக முறுக்கினால் நின்ற இடத்திலேயே பிரிந்துபோகும். சாதாரணப் புல்லைச் சரியாக முறுக்கினால் விறகுக் கட்டைத் தூக்கும்.

கொஞ்சம் நாரை எடுத்து நனைத்துக்கொள்ளுங்கள். வரட்டு நார் விரலில் வழுக்கும், முறியும். சரிபாதியில் மடிக்காமல் ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் விட்டு மடிக்கவேண்டும். காரணம் பிறகு வருகிறது. மடிப்பை இடது கையின் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடியுங்கள். இப்போது இரண்டு பிரி தொங்கும். தூரத்தில் இருக்கும் பிரியை வலது கையால் உங்களைவிட்டு வெளிப்புறமாக முறுக்குங்கள், இறுக்கமாக. முறுக்கை விடாமல் அந்தப் பிரியை மற்றதன் மேலால் உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள். இடது கை அந்தச் சந்திப்பைப் பிடித்துக்கொள்ளட்டும். இப்போது தூரத்தில் இருப்பது அடுத்த பிரி. அதையும் வெளிப்புறமாக முறுக்கி, மேலால் உள்ளே. இவ்வளவுதான் முழு வித்தையும். முறுக்குவது வெளியே, கடப்பது உள்ளே.

ஏன் பிரிவதில்லை? ஒவ்வொரு பிரியும் தன் முறுக்கை அவிழ்த்துக்கொண்டு திரும்பப் பார்க்கிறது. இரண்டும் சேர்ந்த கயிறு எதிர்த்திசையில் சுற்றியிருக்கிறது, அதுவும் அவிழப் பார்க்கிறது. ஒன்று அவிழ வேண்டுமானால் மற்றது இன்னும் இறுகவேண்டும். இரண்டும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. பசை வேண்டாம், முடிச்சு வேண்டாம். இரண்டு முறுக்கும் ஒரே திசையில் விழுந்தால் கயிறு கையைவிட்டதும் குலைந்துவிடும். முறுக்கைக் கொஞ்சமாகக் கொடுத்தால் தொளதொளப்பு. அளவுக்கு மிஞ்சினால் கயிறு தன்மேல் தானே சுருண்டு மொக்கை போடும். கையில் பிடித்துத் தளர்த்தினால் சுருளாமல் நேராகத் தொங்குவதுதான் சரியான முறுக்கு. நீளத்தில் கால் பங்காவது முறுக்கில் போய்விடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

பிரி மெலியத் தொடங்கும்போது, முடிவதற்கு நாலு விரல் முன்பே புது நாரை அதனோடு சேர்த்து முறுக்கிவிட வேண்டும். முடிந்த பிறகு ஒட்டினால் அந்த இடம் அறுந்தே தீரும். இரண்டு பிரியிலும் ஒரே இடத்தில் ஒட்டு விழக்கூடாது. தொடக்கத்தில் ஒரு பக்கத்தைக் குட்டையாக விட்டது அதற்காகத்தான். புது நாரை எப்போதும் நுனியும் அடியும் மாறி மாறி வைத்தால் பருமன் ஒரே சீராக வரும், ஏனென்றால் மடலின் அடிப்பக்க நார் தடிப்பு, நுனிப்பக்கம் மெல்லிசு.

கை பழகியவர்கள் விரலால் திரிப்பதில்லை, தொடையில் உருட்டுவார்கள். இரண்டு பிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உள்ளங்கையால் முன்னோக்கி ஒரு உருட்டு. பிரிகள் தனித்தனியே முறுக்கேறும். அவற்றைச் சேர்த்துப் பின்னோக்கி ஒரு இழுப்பு, கயிறாகிவிடும். தாத்தா மாட்டோடு பேசிக்கொண்டே, பார்வை எங்கோ இருக்க, கீழே கயிறு நீண்டுகொண்டே போகும். பெண்கள் மடியில் ஒரு தடித்த சாக்கை விரித்துக்கொண்டு அதன்மேல் உருட்டலாம். தோலும் சிவக்காது. வடம் மாதிரித் தடித்த கயிற்றுக்கு மூன்று பிரி, கொக்கி, நடுவில் பிடிக்கக் கட்டை, இரண்டு மூன்று ஆள் வேண்டும். கைவினைக்கு அது அவசியமில்லை.

திரித்து முடிந்ததும் கயிற்றை நனைத்து, இரண்டு கம்பத்துக்கு இடையில் இழுத்துக் கட்டிக் காயவிடுங்கள். இழுப்பிலேயே காய்ந்தால் முறுக்கு நிலைத்துவிடும். பிறகு தேங்காய் மட்டையால் மேலும் கீழும் தேய்த்தால் சிலும்பு உதிரும். மிச்ச மயிரை விளக்குச் சுடரில் சட்டென்று காட்டி எடுக்கலாம். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும். காய்ந்த நார் குபீரென்று பற்றும்.

கண்டிக்குப் பக்கத்தில் தும்பறைப் பள்ளத்தாக்கில் ஹேனவல, கலாசிரிகம என்ற கிராமங்களில் இதே ஹண நாரில் பாய் நெய்கிறார்கள். அங்கும் மடலைச் சுரண்டித்தான் நார் எடுக்கிறார்கள், கையால்தான் திரிக்கிறார்கள், பிறகு தரையோடு தரையாகத் தறி. யானை, மான், பறவை, பூ என்று கோலங்கள் நூலிலேயே விழும். கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி 1908-இல் கண்டியக் கைவினைகளைப் பற்றி எழுதியபோது நியந்த நாரில் பாய் நெய்யும் இந்தச் சமூகத்தாரைப் பதிவு செய்திருக்கிறார். பழைய கண்டி ராச்சியத்தின் சாதி அடுக்கில் அவர்களைக் கடைசிப்படிகளில் ஒன்றில் வைத்திருந்தார்கள். தும்பர ரட்டா கலாலா என்னும் அந்த நெசவை 2021-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஒரு காலத்தில் அவர்களை வாசலுக்கு வெளியே நிற்கவைத்தவர்களின் வீட்டு வரவேற்பறைச் சுவர்களில் இன்று அந்தப் பாய் தொங்குகிறது.

அதைப் பார்த்து நாம் அவர்களுடைய கோலத்தைப் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது அவர்கள் சொத்து. நகல் எடுத்து மலிவாக விற்பது அந்தக் குடும்பங்களின் சோற்றில் மண் போடுவது. நமக்கு நம்முடையது இருக்கிறது. உறி இருக்கிறது, கூடைக்கயிறு இருக்கிறது, தலையில் படும் அந்த அகலப் பின்னல் இருக்கிறது. இருநூறு வருடமாக மலையேறி இறங்கிய சாமான்கள் அவை. அந்தப் பின்னலை அப்படியே தோள்பைக்கு வாராக வைத்தால் எந்தத் தோளையும் அறுக்காது. தயிர்ச்சட்டி உறியில் பூச்சட்டி கச்சிதமாக உட்காருகிறது. புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

விலை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஓர் உறியை முடிய எடுக்கும் நேரத்தைவிட அதற்கான கயிற்றைத் திரிக்கும் நேரம் அதிகம். கடைக்காரர் சணல் உறியோடு ஒப்பிட்டு விலை கேட்பார். கயிறு வேறு, முடிச்சு வேறு என்று இரண்டு கூலியாகச் சொல்லுங்கள். ஒரு மடலும் ஒரு பிடி நாரும் கொண்டுபோய்க் காட்டுங்கள். பார்த்தவர்கள் பேரம் பேசுவது குறைகிறது. உள்ளே நைலோன் வைத்து மேலே நார் சுற்றி "இயற்கை" என்று விற்கும் வழக்கம் சில இடங்களில் தொடங்கியிருக்கிறது. அதை ஒருபோதும் செய்யாதீர்கள். ஒரு வெளிநாட்டுக்காரர் அதைப் பிரித்துப் பார்த்தால் போதும், எல்லோருடைய பேரும் கெட்டுவிடும்.

மடலுக்கு எங்கே போவது என்பதும் இங்கே சின்னக் கேள்வியில்லை. தோட்டத்து எல்லையில் நிற்கும் கற்றாழை தோட்டத்துடையது. நாம் பிறந்து வளர்ந்த மண்ணிலும் ஒரு மடல் வெட்ட வெளிக்கள உத்தியோகத்தரிடம் கேட்டுக்கொண்டுதான் வெட்டவேண்டியிருக்கிறது. கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அவர்களுக்கு அது களைதான். ஏழு பேர்ச் காணியோடு தனிவீடு கிடைத்தவர்கள் பின்பக்கச் சரிவில் நாலைந்து செடி வைக்கலாம். மண்ணையும் பிடிக்கும். மூன்று நாலு வருடத்தில் மடல் வெட்ட ஆரம்பிக்கலாம். ஒன்று மட்டும் கவனம்: வயதான செடி நடுவில் கம்பம் மாதிரி ஒரு பூத்தண்டை விடும், அதில் நூற்றுக்கணக்கில் குட்டிச்செடிகள் முளைத்து உதிரும். உதிர்ந்த இடமெல்லாம் வேர்விட்டு, புல்வெளியை விழுங்கிவிடும். அந்தச் செடி பூத்தபின் எப்படியும் செத்துப்போகும். ஆகவே தண்டு தலைகாட்டியதும் வெட்டிவிடுங்கள். நடுவதற்குக் குட்டி வேண்டுமென்றால் ஏற்கெனவே பூத்து நிற்கும் செடியின் கீழே பொறுக்கினால் கிடைக்கும்.

ஒக்டோபரில் ஊவாப் பக்கமும் மழை பிடித்துக்கொள்ளும், ஜனவரி வரை விடாது. அதற்குள் நாரைத் திரித்தோ திரிக்காமலோ கட்டுக்கட்டாகக் கட்டி அடுப்புக்கு மேலே பரணில் வைத்துவிடுங்கள். புகை படும் இடத்தில் பூஞ்சணமும் பூச்சியும் அண்டாது. நிறம் கொஞ்சம் பழுக்கும். வெள்ளையாகவே வேண்டுமென்றால் காற்றுப் புகாத டின்னில் அடைத்து வையுங்கள். பொலித்தீன் பையில் மட்டும் கட்டி வைக்காதீர்கள், உள்ளே வியர்த்து ஒரே வாரத்தில் கறுத்துவிடும். மழைநாளில் வேலை இல்லாமல் வீட்டில் இருக்கும்போது ஒரு கட்டைப் பிரித்து, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு உட்காரலாம். முதலில் ஒரு முழம் திரியுங்கள். அதை இரண்டு பேர் எதிரெதிரே பிடித்து இழுத்துப் பாருங்கள். அறுந்த இடம் ஒட்டுப் போட்ட இடமா, முறுக்குத் தளர்ந்த இடமா என்று பார்த்துக்கொண்டு அடுத்த முழத்தைத் தொடங்குங்கள்.